செம்பிற் களிம்பு

சைவசித்தாந்தத்தைப் பாடமாகக் கற்போர் எவரும் முதலாண்டிலேயே ஓர் உவமையைச் சந்திக்கின்றனர். ஆன்மாவை ஆணவமலம் பற்றியிருக்கும் முறைக்குச் செம்பிற் களிம்பு உவமையாக எடுத்துக் காட்டப்படுகின்றது. திருமந்திரத்திலும் பின்வந்த சித்தாந்த நூல்களிலும் அவற்றின் உரைகளிலும் இவ்வுவமை மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். நெல்லுக்கு உமி எப்படியோ, செம்புக்குக் களிம்பு எப்படியோ, அப்படியே ஆன்மாவுக்கு ஆணவம் என்பது இதன் கருத்து. ஆணவம் இடையிலே வந்து சேர்ந்ததன்று. என்று ஆன்மா உண்டோ அன்றே அதுவும் உண்டு. ஆதலால் அது சகசமலம் எனப்படும். மாயையும் கன்மமும் பின்னர் வந்து கூடுவன ஆதலின் ஆகந்துகம் எனப்படும். இவ்வேறுபாட்டை விளக்கவே செம்பு துணைக்கு அழைக்கப்படுகின்றது.

பரீட்சைக்கு இவ்வளவும் போதுமானது. ஆயினும் உவமை என்பது தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத பொருளை விளக்குவதாகும். ஆன்மாவை நாம் காணோம்; செம்பைக் காண்கின்றோம். அப்படியாயின் செம்பைப் பற்றிய செய்தியேனும் நமக்கு உறுதியாகத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? களிம்பு செம்பின் உள்ளேயே இருந்து வெளிப்படுகின்றதா, அன்றி வெளியிலிருந்து வந்து பற்றுகின்றதா? அது செம்புக்குச் சகசமா, ஆகந்துகமா? இவ்வினாவுக்கு விடை தேடியே கலைப்பீட மாணவனாகிய நான் எனக்குரியதல்லாத ஒரு துறையின் வாயிலிற் போய் நின்றேன். அங்கே கண்டவற்றை என்னைப் போன்ற கலைத்துறையினருக்கு விளங்கும் வகையிற் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பு நமக்கு அந்நியமான பொருளன்று. பூசையறையின் கும்பமும் பஞ்சபாத்திரமும் செம்பால் ஆனவை. நீர் மொள்ளும் கலத்துக்கே செம்பு என்று பெயர். எங்கள் அப்பாச்சி பொங்கலுக்கு முதல்நாள் வீட்டிலுள்ள செம்புப் பாத்திரங்களை எல்லாம் முற்றத்திற் குவித்துப் பழப்புளியும் சாம்பலும் இட்டு மினுக்குவார். அன்று மாலை அவை புதுக்காசு போல ஒளிரும். மறுவாரமே மங்கத் தொடங்கும். கடற்காற்று வீசும் ஊராதலால் அடுத்த விசேடம் வருமுன் விளிம்புகளிலும் பொருத்துகளிலும் பச்சை படர்ந்துவிடும். இதனை ஆண்டுதோறும் கண்ட ஒருவர், களிம்பு செம்போடு கூடப் பிறந்தது என்று முடிவு செய்வாராயின் அதிலே வியப்பில்லை. நமது முன்னோரின் உவமை இத்தகைய நெடுநாள் அனுபவத்திலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும்.

இரசாயனம் இதற்கு வேறுவிதமாக விடை கூறுகின்றது. களிம்பு என நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே பொருளன்று. காடி பட்ட செம்பிற் தோன்றும் பச்சை ஒன்று. நகரத்துப் புகை தோய்ந்த மழை படும் செப்புக் கூரையிற் தோன்றும் பச்சை இன்னொன்று. கடலோரத்திலும் உப்பு மண்ணிலும் தோன்றும் பச்சை வேறொன்று. இம்மூன்றாவது பச்சைக்குக் காரணம் கறியுப்பிலுள்ள குளோரின். புளோரின், குளோரின், புரோமின், அயடீன் ஆகியன அலசன்கள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூலகங்கள். இவை ஓர் இலத்திரனைப் பெற்று மறையேற்றமுற்ற அயன்களாகும்போது ஏலைட்டுக்கள் எனப்படுகின்றன. நீரிற் கரைந்த உப்பிலே குளோரைட்டு அயன்கள் தனித்தனியே உலாவுகின்றன. அவை செம்பின் மேற்பரப்பை அடையும்போது நிகழ்வது என்ன என்பதே நமது வினாவின் உயிர்நிலை. அதனை நேரே காண்பதற்கு அணுவைக் காட்டும் ஒரு கருவி வேண்டியிருந்தது.

அத்தகைய கருவி 1981ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அருகிலுள்ள ஐ. பி. எம். ஆய்வுகூடத்திற் பிறந்தது. கேர்ட் பின்னிக், ஹைன்ரிச் றோறர் என்னும் இருவர் அதன் கர்த்தாக்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டியை ஆக்கிய ஏர்ன்ஸ்ற் றுஸ்காவுடன் சேர்ந்து 1986ஆம் ஆண்டின் பௌதிகத்துக்கான நோபல் பரிசை இவர்கள் பெற்றனர். இவர்களது கருவியில் வில்லை இல்லை, ஒளியும் இல்லை. கூரிய உலோக முனையொன்று ஆராயப்படும் பரப்புக்கு மிக அண்மையிற் கொண்டுவரப்படுகின்றது. இடைவெளி ஒரு நனோமீற்றரிலும் குறைவு. நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரை நூறு கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறு. இரண்டும் தொடவில்லை. ஆயினும் சிறியதொரு மின்னழுத்தத்தை இட்டால் இலத்திரன்கள் அவ்விடைவெளியைக் கடந்து செல்கின்றன. மதிலின்மேல் ஏறிக் கடக்க வலுவில்லாத ஒன்று மதிலினூடே ஊடுருவிச் செல்வதை ஒத்த இந்நிகழ்ச்சி, சொட்டுப் பௌதிகத்திற்கே உரிய விந்தை. இடைவெளி 0.1 நனோமீற்றர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைந்துவிடும். இவ்வளவு நுண்ணிய உணர்ச்சி இருப்பதால், முனையைப் பரப்பின்மீது வரிவரியாக நகர்த்தி மின்னோட்டத்தைப் பதிவு செய்தால், ஓரணு உயர்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும் தெரியவரும்.

தொடக்கத்தில் இக்கருவி வெற்றிடத்திலேயே பெருஞ் சாதனைகளைக் காட்டியது. ஆனால் அரிப்பு நிகழ்வது நீரிலும் ஈரத்திலும் அன்றோ? நீருக்கு அடியிலும் அணுக்களைக் காணலாம் என்பதை 1986ஆம் ஆண்டு அமெரிக்காவிற் சொனென்பெல்ட், ஹன்ஸ்மா என்போர் காரீயத்தின் பரப்பைக் கொண்டு காட்டினர். அதன்பின் மின்னிரசாயனவியலார் இதனைத் தமது கருவியாக ஆக்கிக் கொண்டனர். குளோரைட்டுக் கரைசலிற் செம்பு அரிக்கப்படுவதை ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலன் பார்ட் என்பாரும் அவரது மாணவர் சக்ஸ் என்பாரும் 1994, 1995ஆம் ஆண்டுகளில் அணு மட்டத்தில் ஆராய்ந்து வெளியிட்டனர். தொடர்ந்து யேர்மனியின் ஊல்ம் பல்கலைக்கழகத்தில் மக்னுசன், பேம் ஆகியோரைக் கொண்ட குழுவினர் இவ்வாய்வை மேலும் முன்னெடுத்தனர்.

பரிசோதனையின் ஒழுங்கு கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அணுக்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைந்த செப்புப் பளிங்கொன்றை எடுத்து, குறித்தவொரு திசையில் வெட்டி, பொசுபோரிக்கமிலத்தில் மின்னாற் துலக்குகின்றனர். பின்னர் அதனை மிக ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் அமிழ்த்தி மின்வாயாக்குகின்றனர். ஊல்ம் ஆய்வுகளில் அமிலத்தின் செறிவு லீற்றருக்கு 0.01 மூல். நுணுக்குக்காட்டியின் முனையும் அதே கரைசலினுள் நிற்பதால் வேண்டாத மின்னோட்டம் அதனூடாகப் பாயாதிருக்க, நுனியை மட்டும் விட்டு எஞ்சிய பகுதியை மெழுகினாலோ நகப்பூச்சினாலோ மூடிவிடுகின்றனர். அணுவைக் காணும் கருவிக்கு நகப்பூச்சு காவலாக நிற்கும் செய்தியை இரசாயனத்துறையிற் பயிலும் நண்பரொருவர் சொன்னபோது, ஆய்வுகூடமும் ஒரு பட்டறையே என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. செம்பின் மின்னழுத்தத்தை ஆய்வாளர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் முடியும். அதனை மறைப்பக்கமாகத் தள்ளினால் குளோரைட்டு விலகும். சற்று நேர்ப்பக்கமாகக் கொணர்ந்தால் வந்து ஒட்டும். மேலும் உயர்த்தினாற் செம்பு கரையத் தொடங்கும். வீட்டில் ஓராண்டு நிகழ்வதை இங்கே வேண்டியபோது தொடங்கி வேண்டியபோது நிறுத்தலாம்.

இனி அங்கே காணப்பட்டதைக் கூறுவோம். செப்புப் பளிங்கின் சதுர முகத்திலே அணுக்கள் 0.256 நனோமீற்றர் இடைவெளியிற் சதுரம் சதுரமாக அமைந்துள்ளன. நான்கு செப்பணுக்களுக்கு நடுவே ஒவ்வொரு குழி உண்டு. கரைசலிலிருந்து வரும் குளோரைட்டு இக்குழிகளில் அமர்கின்றது. ஆனால் எல்லாக் குழிகளிலும் அமர்வதில்லை. சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் காய் வைத்தாற்போல ஒன்றுவிட்டு ஒன்றாக அமர்கின்றது. இவ்வாறு அமைந்த குளோரின் அணுக்களின் இடைவெளி 0.362 நனோமீற்றர். அவற்றின் வரிசை செம்பின் வரிசைக்கு 45 பாகை சாய்ந்திருக்கும். இவ்வாறு வெளிப்பொருள் பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்பர். அரிப்பு என்றதும் தாறுமாறான ஒரு சிதைவை நாம் கற்பனை செய்கின்றோம். படங்களிற் தெரிவதோ நெசவுக்காரியின் பாவு போன்ற ஒழுங்கு. அழிவின் முதற்படி ஓர் அணிவகுப்பாக இருக்கின்றது.

இதனிலும் வியப்பானது அடுத்து வருவது. எந்தப் பளிங்கின் முகமும் முற்றிலும் சமமானதன்று. ஓரணு உயரமுள்ள படிகளும் அவற்றுக்கிடையே அகன்ற தளங்களும் உள்ளன. குளோரைட்டு இல்லாத சல்பூரிக்கமிலத்தில் இப்படிகளின் விளிம்புகள் செம்பின் நெருங்கிய அணுவரிசையைத் தழுவிச் செல்லும். குளோரைட்டு வந்தமர்ந்ததும் அவ்விளிம்புகள் தம் போக்கை மாற்றி, குளோரின் வரிசையின் திசைக்குத் திரும்பிவிடுகின்றன. வந்த விருந்தாளியின் வசதிக்கேற்ப வீட்டுக்காரர் சுவரையே திருப்பிக் கட்டுவது போன்றது இது. புரோமைட்டும் இதே முகத்தில் இதே வகையான சதுர ஒழுங்கை அமைத்துப் படிகளை இவ்வாறே திருப்புகின்றது. வெளியிலிருந்து வந்தது பரப்பில் ஒட்டியிருப்பதோடு அமையவில்லை. உள்ளதன் வடிவத்தையும் தனதாக்கிக் கொள்கின்றது.

பின்னர் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தக் கரைதல் தொடங்குகின்றது. அது எங்கே தொடங்குகின்றது என்பதே நமக்கு முக்கியம். மெதுவாகக் கரையும் நிலையிலே தளத்தின் நடுவிற் குழி விழுவதில்லை. படியின் விளிம்பே பின்வாங்குகின்றது. விளிம்பிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அணுவரிசை ஒன்று முடிந்து விளிம்பு உள்ளே மடியும் இடத்தை முடுக்கு என்று கூறலாம். அம்முடுக்கில் நிற்கும் அணுவே முதலில் விடைபெறுகின்றது. இதன் காரணம் எண்ணிக்கையிலேயே புலப்படும். செம்பின் உள்ளே இருக்கும் ஓரணுவுக்கு அயலவர் பன்னிருவர். சதுர முகத்தின் தளத்திலிருக்கும் அணுவுக்கு எண்மர். நெருங்கிய வரிசையாலான விளிம்பில் நிற்பதற்கு எழுவர். முடுக்கிலே நிற்பதற்கு அறுவர் மட்டுமே. உள்ளணுவுக்கு உள்ள உறவிற் சரிபாதி. குளோரைட்டு இல்லாத வெறுஞ் செம்புக்கு உரிய கணக்கு இது. குளோரைட்டோ இந்தக் குறையைத் தன் பிணைப்பால் ஒருபுறம் ஈடுசெய்கின்றது. மறுபுறம் செப்பணு கரைசலுக்குட் செல்லும் வழியையும் இலகுவாக்குகின்றது. ஒரு செப்பணு இரண்டு குளோரைட்டு அயன்களோடு கூடிச் சிக்கலயனாகிக் கரைசலிற் கலந்து விடுகின்றது.

பழைய நுணுக்குக்காட்டி ஒரு படத்தைப் பதிவு செய்யப் பல செக்கன்கள் எடுக்கும். அதற்குள் முடுக்குகள் இடம்பெயர்ந்துவிடுவதாற் படிகளின் விளிம்புகள் பிய்ந்த துணியின் ஓரம் போலச் சிம்புசிம்பாகத் தோன்றின. 2000ஆம் ஆண்டையொட்டி ஊல்ம் ஆய்வாளர் செக்கனுக்குப் பத்துக்கு மேற்பட்ட படங்களை எடுக்கவல்ல விரைவான கருவியை அமைத்தனர். அப்போது ஓருண்மை கண்ணுக்குப் புலப்பட்டது. கரைதல் ஒருவழிப் பாதையன்று. முடுக்கிலிருந்து அணு பிரிகின்றது. வேறோர் அணு வந்து அவ்விடத்தைச் சேர்கின்றது. வரிசை நீள்கின்றது, குறுகுகின்றது, மீண்டும் நீள்கின்றது. கரைதல் தொடங்கும் எல்லையிலே வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக நடக்கின்றன. செலவு வரவினைச் சற்றே மிஞ்சும்போது அம்மிச்சத்தையே நாம் அரிப்பு என்கின்றோம். அசைவின்றி இருப்பதாக நாம் கருதும் செம்புத் தகட்டின் ஓரம் இடையறாத கொடுக்கல் வாங்கலால் நிறைந்த சந்தையாக இருக்கின்றது.

இவ்விடத்தே ஒரு தடையை எழுப்பலாம். இவற்றை எவர் கண்டார்? கருவி பதிந்தது மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வையே. படத்திலுள்ள நிறங்கள் ஆய்வாளர் தெரிந்து இட்டவை. வெண்பொட்டாகத் தெரிவது செம்பா குளோரினா என்பதைப் படம் தானாகச் சொல்லாது; இடைவெளியை அளந்து, 0.256 அன்று 0.362 என்று கண்டு, இது குளோரின் என ஆய்வாளரே முடிவு செய்கின்றார். முனையின் அண்மையே நிகழ்ச்சியை மாற்றவும் கூடும். ஆகவே முனையை அகற்றி வைத்து மீண்டும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கல்வெட்டுப் படிப்போருக்கு இந்நிலை புதியதன்று. தேய்ந்த கல்லின்மீது ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தல், மேடு பள்ளத்தைத் தாளிற் பெறுதல், பின்னர் இது ககரமா தகரமா என்று இடம் நோக்கித் துணிதல் என்பனவே அங்கும் நிகழ்கின்றன. இரண்டும் வாசிப்புக்களே. வாசிப்பு என்பதனால் அது ஐயத்துக்கு இடமாகி விடாது; ஆனால் வாசித்தவரின் பொறுப்பு அதனோடு சேர்ந்தே நிற்கும். கலைத்துறை கருத்தைச் சொல்லும், விஞ்ஞானம் உண்மையைக் காட்டும் என்று வகுத்துப் பேசும் வழக்கம் எம்மிடையே உண்டு. இந்தப் படங்களின் முன்னால் அவ்வகுப்பு நிலைபெறுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. தூய பளிங்கும் ஐதான அமிலமும் எங்கே, மண்ணிற் கிடந்த விக்கிரகம் எங்கே? வேறுபாடு உண்மையே. பரிசோதனையிற் செம்பு கரைந்து போகின்றது. பச்சைக் களிம்பாகத் திரண்டு நிற்பதில்லை. உப்பு மண்ணிற் புதைந்த வெண்கலத்திலோ செம்பும் குளோரைட்டும் கூடிய திண்மம் மேலோட்டின் கீழே தங்கிவிடுகின்றது. அகழ்ந்தெடுத்தபின் ஈரமும் ஒட்சிசனும் அதனைத் தீண்டும்போது அது வெளிறிய பச்சைத் தூளாக மாறிச் சொரிகின்றது. அம்மாற்றத்தில் விடுபடும் அமிலம் புதிய செம்பைத் தாக்குகின்றது. நூதனசாலைகளில் இதனை வெண்கல நோய் என்றே அழைக்கின்றனர். இந்நோயைத் தடுக்கப் பென்சோதிரையசோல் என்னும் சேதனப்பொருள் 1960களின் பிற்பகுதி முதலாகக் கையாளப்பட்டு வருகின்றது. செம்பின் பரப்பிலே தானே முந்தி அமர்ந்து பிறவற்றைத் தடுப்பது அதன் தொழில். பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலான சைவத் திருவுருவங்களைக் கொழும்பு நூதனசாலையிற் பார்த்து நிற்கும்போது அவற்றின் கலையழகை மட்டுமே நாம் பேசுகின்றோம். நூற்றாண்டுகளாக மண்ணிற் கிடந்த உலோகம் எதுவாயினும் அதற்கு இப்படியொரு பகை உண்டு. அதனைக் காப்பவருக்கு ஒட்டுதலையும் கரைதலையும் பற்றிய அறிவு வேண்டும்.

இப்போது தொடங்கிய வினாவுக்கு வருவோம். களிம்பு சகசமா, ஆகந்துகமா? குளோரைட்டு வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. மின்னழுத்தத்தை மாற்றினால் அது வருவதும் போவதும் கண்கூடு. அவ்வளவிற் பார்த்தால் உவமை தவறென்று சொல்லிவிடலாம். ஆனால் குளோரைட்டு வந்து பற்றுவதற்கு இடம் கொடுத்தது எது? மேற்பரப்பில் நிற்கும் எந்த அணுவுக்கும் அயலவர் குறைவு என்னும் அந்த உள்ளார்ந்த குறையே. பன்னிரண்டு உறவுகளை வேண்டி நிற்கும் அணுவுக்கு எட்டும் ஏழும் ஆறுமே கிடைக்கின்றன. இக்குறை செம்பின்மேல் வந்தேறியதன்று. ஒரு பொருள் எல்லையுடையதாக, தனித்ததொன்றாக இருக்கும்வரை அதற்கு ஒரு மேற்பரப்பு இருக்கும். மேற்பரப்பு இருக்கும்வரை நிறைவுறாத அணுக்களும் இருக்கும். மினுக்குவதால் இக்குறை நீங்காது. புளி, படிந்த களிம்பைக் கரைத்து அகற்றுகின்றது. அகன்ற இடத்திற் புதியதொரு மேற்பரப்பு, அதே குறையோடு, வெளிப்படுகின்றது. ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் செம்பில் ஒரு சிறு பங்கு போய்விடுகின்றது என்பது மேலதிகச் செய்தி.

ஆகவே என் முடிவு இது: களிம்பு ஆகந்துகம், களிம்பேறும் தன்மை சகசம். சித்தாந்திகள் ஆணவத்தை வரையறுக்கும்போது ஆன்மாவின் குறுகிய நிலையையே அதன் அடையாளமாகக் கொள்கின்றனர். வியாபகமான உயிர் அணுத்தன்மைப்பட்டு நிற்பதற்கு அதுவே காரணம் என்பர். எல்லைப்பட்டிருத்தலே குறை, அக்குறையையே பிற மலங்கள் வந்து பற்றுகின்றன. அவ்வாறாயின், உவமையிலே களிம்பு நிற்கும் இடத்திற் செம்பின் விளிம்பை வைத்துப் பார்த்தல் பொருத்தமாகும். உவமை பொய்க்கவில்லை, அது சுட்டும் இடம் சற்று உள்ளே நகர்ந்துள்ளது.

விஞ்ஞானம் அன்றே நம் நூல்களில் உண்டு என்று நிலைநாட்டுவதற்காக இதனை எழுதவில்லை. அத்தகைய பெருமிதம் விஞ்ஞானத்துக்கும் உதவாது, நூல்களுக்கும் உதவாது. முனையும் பளிங்கும் இன்றி ஒருவரும் 0.362 என்னும் எண்ணை அடைந்திருக்க முடியாது. அவ்வாறே, நுணுக்குக்காட்டி ஆன்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உவமை ஒருபுடை ஒப்புமையே என்று உரையாசிரியர் கூறுவதை நானும் அறிவேன். ஆயினும் உவமையைச் சொன்னவர்கள் செம்பைக் கையாற் தொட்டவர்கள், அல்லது தொட்டவரிடம் கேட்டவர்கள். அதை ஒப்புவிக்கும் நாமோ செம்பையும் தொடுவதில்லை, தொட்டவரிடம் கேட்பதுமில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் கலை என்றும் விஞ்ஞானம் என்றும் பிரிக்கப்பட்டு, பல்கலைக்கழகத்திலே இரு பீடங்களுக்கிடையில் ஒரு தெருவைக் கூடக் கடவாமற் பட்டம் பெற்றுச் செல்வோர் நம்மிற் பலர். இந்நாட்டின் உலோகத் திருவுருவங்களைப் பற்றி 1914ஆம் ஆண்டு நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் இங்கே கனிப்பொருள் ஆய்வாளராகப் பணி செய்தவர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கல்லையும் உலோகத்தையும் அறிந்த கண்ணே பின்னர் சிற்பத்தைக் கண்டது. அந்தத் தெருவைக் கடப்பதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. நமது பாடநூலிலுள்ள ஓர் உவமையை எடுத்து, இது மெய்தானா என்று அடுத்த பீடத்தாரிடம் போய்க் கேட்டாற் போதும். அவர்கள் விடையோடு வேறொரு வினாவையும் தந்தனுப்புவார்கள். எனக்கு அவர்கள் தந்தது, கரையும் விளிம்பிலும் அணுக்கள் திரும்பி வந்து சேர்கின்றனவே, அந்த வரவுக்குச் சித்தாந்தத்தில் இடம் எது என்னும் வினா. அதற்கு விடை தேடத் தொடங்கியிருக்கின்றேன்.